வண்ணமும் வழக்கும்

ஆங்கில நூல் பயிலும் நமக்குத் தனிச்சொற்களினும் மரபுத்தொடர்களே மிகுந்த இடர் விளைக்கின்றன. அவற்றுள்ளும் நிறப்பெயர் கொண்டவை எளியனபோல் தோன்றி ஏமாற்றுவன. நிறத்தை அறிந்ததனால் பொருளையும் அறிந்தோமென்று துணிதல் தகாது.

சிவப்பை முதலிற் காண்போம். ‘செவ்வெழுத்து நாள்’ என்பது மகிழ்தற்குரிய நன்னாளைக் குறிக்கும். பண்டைத் திருச்சபையார் தம் நாட்காட்டிகளில் திருநாள்களைச் செம்மையால் வரைந்தமையே இதற்கு மூலம். ‘செந்நாடா’ என்பதோ அலுவலகத் தாமதத்தைப் பழிக்கும் மொழி. இங்கிலாந்தில் அரசாங்க ஏடுகளைச் செந்நிற நாடாவாற் கட்டிவைத்த வழக்கத்தினின்று அது பிறந்தது. நிறம் ஒன்றே, பொருளோ ஒன்று இனிப்பு, மற்றொன்று கசப்பு.

வெண்மையும் அத்தகையதே. ‘வெள்ளைப் பொய்’ பிறர்க்குத் தீங்கு விளைக்காத சிறு பொய். ‘வெள்ளிறகு’ கோழைமையின் சின்னம். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளிறகு தோன்றின் அதனைத் தாழ்ந்த இனமென்று கருதினர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது, படையிற் சேராத ஆடவர்க்கு இங்கிலாந்துப் பெண்டிர் சிலர் வெள்ளிறகு கொடுத்து நாணச் செய்தனர். வழக்கறியாதார் அதனைத் தூய்மைக்குரிய பரிசென்றே கொள்வர்.

நம் மொழியிலோ பொய்க்கு நிறம் பச்சை. ஆயினும் ‘வெள்ளைப் பொய்’யைப் ‘பச்சைப் பொய்’ என்று பெயர்த்தால், சிறியதோர் உபசாரமொழி கொடிய வஞ்சனையாய் மாறிவிடும். சொன்னவர்மேல் வீண்பழியும் சேரும்.

ஆதலின், இத்தகைய தொடரைக் காணுந்தோறும் நிறத்தை நோக்கி மயங்காது, அது பிறந்த வழக்கை வினவி அறிவோமாக.