எருக்கின் உறவு: ஹூடியா

பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை சாத்தும் நாம், அந்த எருக்கின் குடும்பத்துச் செடியொன்று தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் வறண்ட நிலத்தில் நிற்பதை அறியோம். அதன் பெயர் ஹூடியா கோர்டோனி. பார்வைக்குக் கள்ளி போன்றது. இலையில்லை, தண்டெல்லாம் முள். ஆனால் கள்ளியினமல்ல. தமிழகத்துக் கள்ளிமுளையானும் இதே குடும்பமே. எருக்கைப்போல் பால் வடிவதில்லை.

பூவோ அதிசயமானது. ஊன் நிறத்தில், தட்டுப்போல் விரிந்து, சில 10 சென்ரிமீற்றர் அகலம் வரை வரும். மணந்து பார்க்கக் குனிபவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்வார்! அழுகிய இறைச்சியின் நாற்றம். இலையான்கள் அதனால் ஏமாந்து வந்து மொய்க்க, மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. விதைகள் எருக்கின் விதைபோலப் பஞ்சோடு பறக்கும்.

கலகாரிப் பகுதியின் சான் மக்கள் நெடுந்தூர வேட்டையின்போது பசியும் தாகமும் தீர இதன் தண்டை மென்று வந்தனர். 1963 முதல் இதை ஆராய்ந்த தென்னாபிரிக்க அரச ஆய்வு நிறுவனம், 1995இல் பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை கோரியது. சான் மக்களை எவரும் கேட்கவில்லை. 1998இல் பிரித்தானிய மருந்து நிறுவனமொன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. அம்மக்கள் மறைந்துவிட்டார்கள் என்றே அந்த நிறுவனத் தரப்பு எண்ணியிருந்ததாக 2001இல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்போது சுமார் ஒரு இலட்சம் பேர் உயிரோடிருந்தனர்! ஏட்டில் இல்லாமற்போவது எப்படியென்பது நமக்கும் தெரியாததல்ல.

சான் மக்கள் வழக்கறிஞர் துணையோடு பேசினர். 2003 மார்ச்சில் ஒப்பந்தமானது. ஆய்வு நிறுவனம் பெறும் உரிமைத்தொகையில் நூற்றுக்கு 6, ஆய்வுக் கட்டங்கள் நிறைவேறும்போது கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு 8. கணக்கெழுதும் நமக்கு இங்கே ஒரு விடயம் உடனே கண்ணிற்படும். இது விற்பனைப் பணத்தில் 6 அல்ல. ஆய்வு நிறுவனத்தின் கைக்கு வரும் பங்கில் 6. அது 100 ராண்ட் பெற்றால் சான் மக்களுக்கு 6 ராண்ட். விற்பனையே இல்லாவிட்டால் பூச்சியம். அப்படித்தான் முடிந்தது. பைசர் 2003இலும் யூனிலீவர் 2008இலும் விலகின. மருந்து சந்தைக்கு வரவில்லை. ஆயினும் பாரம்பரிய அறிவுக்கு உரியவர் உண்டென்பது எழுத்தில் ஏறிய முதல் ஒப்பந்தங்களில் இது ஒன்று.

இதற்கிடையில் ஹூடியா என்ற பெயரில் விற்ற மெலிவு மாத்திரைகள் பலவற்றில் ஹூடியாவே இருக்கவில்லை. காட்டுச் செடிகளும் களவாகப் பிடுங்கப்பட்டன. 2005 முதல் அனுமதிப் பத்திரமின்றி எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல முடியாது. வீட்டில் வளர்க்க விரும்புவோர் நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்த்த செடியையே கேட்டு வாங்கவும். மணல் கலந்த மண், நல்ல வெயில், குறைந்த நீர் போதும். பூக்கும் நாட்களில் மட்டும் யன்னலுக்கு வெளியே வைக்கவும்.