முடித்தவர் வேறொருவர்

அன்புள்ள தங்கைக்கு,

நான் கட்டிக்காத்த கணக்கை வேறொருவர் முடித்துவிட்டார், இனி எண்கோட்பாட்டில் எனக்கென்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஜூலியா ராபின்சனைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டைக் கொடுத்தாலும், அதற்கு முழு எண் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் பொது வழிமுறை உண்டா? 1900இல் கணிதர் ஹில்பர்ட் முன்வைத்த பட்டியலில் பத்தாவது கணக்கு இது. 1948இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற ஜூலியாவை அது பிடித்துக்கொண்டது. கணவர் அதே கணிதத் துறையில் பேராசிரியர் என்பதால், அன்றைய விதிப்படி இவருக்கு அங்கே ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. எத்தனை பெண்களின் கணிதத்தை அந்த விதி விழுங்கியதோ! ஒருமுறை பல்கலைக்கழக அலுவலகம் அவருடைய அன்றாட வேலை என்னவென்று கேட்டது. திங்கள் முதல் வியாழன் வரை தேற்றத்தை நிறுவ முயன்றேன், வெள்ளியன்று தேற்றம் தவறு என்று எழுதிக் கொடுத்தார். நம் வேலையை இதைவிட உண்மையாக யாரும் சொன்னதில்லை.

மார்ட்டின் டேவிஸ், ஹிலாரி புட்னம் இருவரோடும் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட கட்டுரை கணக்கை வாசல்வரை கொண்டுவந்தது. அடுக்குக்குறி வேகத்தில் வளரும் ஒரே ஓர் உறவைச் சமன்பாட்டில் அடக்கிவிட்டால் போதும்; அப்படியொரு வழிமுறையே இல்லை என்று உறுதியாகிவிடும். அந்த ஒன்றுதான் அகப்படவில்லை. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும்போதெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான்: யார் முடித்தாலும் சரி, விடை தெரியாமல் நான் சாகக் கூடாது.

1970 ஜனவரியில் லெனின்கிராடில் 22 வயது யூரி மத்தியாசெவிச் முடித்தார். அவருக்குக் கைகொடுத்தவை நமக்கெல்லாம் தெரிந்த ஃபிபோனாச்சி எண்கள். வரிசையில் நான்காவது 3. அதன் வர்க்கமான 9 எந்த உறுப்பை முதலில் வகுக்கிறது என்று பார். 144ஐ. அது பன்னிரண்டாவது உறுப்பு. 12 மூன்றால் வகுபடும். ஓர் உறுப்பின் வர்க்கம் இன்னோர் உறுப்பை வகுத்தால், அந்த உறுப்பே மற்றதன் வரிசை எண்ணையும் வகுக்கும். இந்தப் பண்பைப் பிடித்துத்தான் அவர் அந்த உறவைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஜூலியா பொருமவில்லை. பனிப்போர்க் காலத்திலும் அந்த இளைஞருக்கு மகிழ்ச்சி பொங்கக் கடிதம் எழுதினார். பிறகு இருவரும் சேர்ந்து, இவ்வகைச் சமன்பாடு (டயோஃபாண்டஸ் சமன்பாடு) எதையும் 13 மாறிகளுக்குள் குறைக்கலாம் என்று நிறுவி 1975இல் வெளியிட்டார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் கணிதர் அவர்; பெர்க்லி அதன் பிறகே பேராசிரியர் பதவி தந்தது.

உன் கணக்கை முடித்தவரின் கட்டுரையை அச்செடுத்து வரிவரியாகப் படி. நீ நிறுவிய துணைத்தேற்றம் அதில் இல்லை. அதைத் தெளிவாக எழுதி, இந்த வாரமே அவருக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா