எல்லைப்புற ஊர்களில் இணையவழிப் பணியும் ஊதியப் பாதுகாப்பும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இவ்வட்டத்து ஊர்களில் இருந்தவாறே, எல்லைக்கு அப்பாலுள்ள நிறுவனங்களுக்கு இணையவழியே மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல் போன்ற பணிகளைச் செய்வோருக்கு, ஊதியம் வராவிடின் எம்மாநிலத்தில் முறையிடுவது என்னும் ஐயம் எழுவது இயல்பே.

முதற்கண், தகராறு வேறு, மோசடி வேறு எனப் பிரித்தறிதல் வேண்டும். பணியைப் பெற்றுக்கொண்டு பணம் தராதிருப்பது தகராறு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், இத்தகைய நிலுவைக்கு 45 நாட்களை உச்சவரம்பாக விதிக்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருப்பினும், பணி செய்தவர் தம் மாநில வசதியாக்க மன்றத்தையே அணுகலாம். இதற்கென, பணியை ஏற்குமுன்னரே 'உத்யம்' பதிவு பெறுதல் நலம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இச்சட்டம் பயன்படாது; ஆதலின் ஒரு பகுதித் தொகையை முன்னதாகப் பெறுதல் தக்கது.

வேலை தருவதற்கு முன்பணம் கேட்பதும், ஊதியம் அனுப்புவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணைப் பதியச் சொல்வதும் மோசடியின் அடையாளங்கள். பணம் பெற அவ்வெண் தேவையில்லை. ஏமாந்தவர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்; தாமதம், பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எப்பகுதியில் நிகழ்ந்திருப்பினும் அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே தகவல் அளிக்கலாம்.

எனவே எல்லைக்கோடு உரிமைக்குத் தடையன்று, சான்றின்மையே தடையாகும். ஒப்பந்தம், பணி ஒப்படைத்த நாள், விலைப்பட்டியல், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பேணுதல் இன்றியமையாதது.