முதற் பருவம் கற்றுத் தந்த பாடங்கள்



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நமது இல்லங்களில் கல்லூரிப் பேச்சுத்தான். கோவை மாநகரோ கல்லூரிகளின் ஊர். 1945-ல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1947-ல் தோன்றிய பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி, 1971-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வேளாண் கல்லூரி, 1982-ல் உருவான பாரதியார் பல்கலைக்கழகம் என்று கொங்கு நாட்டுப் பிள்ளைகளை இவ்வூர் ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் முஸ்லிம் பிள்ளைகளும் அவர்களில் பலர்.

நாமும் மதரஸாவில் ஓதி முடித்து ஸனது பெற்ற பின்னர், பத்தாண்டுகளுக்கு முன்பு, இந்நகரின் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்து படித்தவர்கள்தாம். அந்த முதற் பருவத்தில், அதாவது முதல் செமஸ்டரில், நாம் பட்டுத் தெளிந்த பாடங்கள் சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதற் பாடம்: மீண்டும் மாணவராவது

ஏழாண்டுகள் அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதியவர் நாம். ஊரில் "ஹஜ்ரத்" என்று எழுந்து நிற்பார்கள். அந்த நினைப்போடுதான் வகுப்பில் போய் அமர்ந்தோம். முதல் உள்தேர்வில் ஆங்கிலத்தில் கிடைத்தது 50-க்கு 9 மதிப்பெண்! நம்மைவிட நான்கைந்து வயது இளையவர்கள் முன்னிலையில் தலை நிமிர முடியவில்லை. தெரியாததைக் கேட்கவோ வெட்கம் தடுத்தது.

அன்றிரவு நமக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாறுதான் நினைவுக்கு வந்தது. அல்லாஹ்வோடு உரையாடிய பெருமைக்குரிய நபி அவர்கள். ஆயினும் தமக்குத் தெரியாத ஒரு கல்விக்காகக் களைப்போடு பயணம் செய்து, கிழ்று (அலை) அவர்களிடம், "நான் உங்களைப் பின்தொடரலாமா?" என்ற கருத்தில் அனுமதி கேட்டு நின்றார்கள் என்று அல்கஹ்ஃபு அத்தியாயம் நமக்கு அறிவிக்கிறது. நபியே மாணவராக நின்றிருக்க, ஒரு மௌலவி நிற்பதில் என்ன குறைவு?

மறுநாள் பக்கத்து இருக்கையில் இருந்த அன்னூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையனிடம் வாய்விட்டுக் கேட்டோம். "அதுக்கென்னங்க ஹஜ்ரத், தப்பா எழுதுனா திருத்திக்கலாமுங்க. எழுதாமயே வெச்சாத்தானுங்க திருத்த முடியாது" என்றான். எத்தனை பெரிய உண்மை! அதன் பின்னர், மதரஸாவில் அன்றாடம் செய்த "தக்ரார்" முறையைக் கல்லூரிப் பாடத்துக்கும் கொண்டுவந்தோம். அன்று நடந்த பாடத்தை அன்றைக்கே நால்வர் கூடி அமர்ந்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் காட்டுவது. நமது முன்னோர் கையாண்ட இம்முறை எந்தக் கல்விக்கும் பயன்படுவதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இரண்டாம் பாடம்: வருகைப் பதிவும் ஓர் அமானிதமே

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் வகுப்பு நேரமும் மோதின. "நீங்க போங்க ஹஜ்ரத், உங்க நம்பருக்கு நான் குரல் கொடுத்துக்கறனுங்க" என்றார் ஒரு நண்பர். நல்ல காரியத்துக்குத்தானே என்று ஒரு முறை இணங்கிவிட்டோம். ஆனால் பள்ளியில் அமர்ந்து குத்பாவைக் கேட்க முடியவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி மனத்தைக் குத்தியது. நாமும் அன்று ஈரத்தை உள்ளே மறைத்த வியாபாரியாகத்தானே இருந்தோம்!

திங்களன்று ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னோம். அந்த மணி நேரத்தை அவர் 'வரவில்லை' என்று திருத்தினார். பிறகு, "கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார். பருவத்துக்கு 90 வேலை நாட்கள்; நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்றால் 450 மணி நேரம். தேவைப்படுவது 75 விழுக்காடு. ஒரு பருவத்தில் வரும் வெள்ளிக்கிழமைகள் 18 என்றே கொண்டாலும், வாரம் ஒரு மணி நேரம் போனால் இழப்பு 4 விழுக்காடுதான். அதிலும் கால அட்டவணை கிழமைப்படி அன்றி ஆறு நாள் சுழற்சியில் வருவதால், ஒரே பாடம் எல்லா வெள்ளியிலும் அடிபடுவதில்லை.

ஆகவே ஜும்ஆவுக்குப் பொய் தேவையில்லை. கணக்கும் அனுமதியும் போதும். சினிமாவுக்கும் ஊர் சுற்றலுக்கும் விடுப்பை எல்லாம் செலவழித்தவனுக்குத்தான் ஜும்ஆ நெருக்கடியாகத் தெரியும்.

மூன்றாம் பாடம்: கடிகாரம் நிற்கும், சூரியன் நிற்காது

நாம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அன்றாடம் பேருந்தில் போய் வந்தோம். மாலை 5 மணிக்கு உக்கடத்தில் ஏறினால் வீடு சேர 6.15 ஆகும். ஜூலையில் கோவையில் ஹனஃபி மத்ஹபின்படி அஸர் சுமார் 5 மணிக்கு. மஃரிப் சுமார் 6.50-க்கு. எனவே வீட்டுக்கு வந்து, கடைசி நேரமானாலும், அஸர் தொழ முடிந்தது. அதையே வழக்கமாக்கிக் கொண்டோம்.

நவம்பர் நடுவில் அஸர் 4.20-க்கே வந்துவிடுகிறது; மஃரிபோ 5.55-க்கு. தேர்வுப் பரபரப்பில் இதைக் கவனியாமல் பழைய வழக்கப்படியே பேருந்து ஏறினோம். கிணத்துக்கடவு தாண்டும்போது சூரியன் மறைந்துவிட்டது. அஸர் கழாவாயிற்று! பிறருக்குத் தொழுகையின் சட்டம் சொல்லும் நமக்கு அன்று நேர்ந்த வெட்கம் இன்றும் ஆறவில்லை. அதன்பின் உக்கடத்தில் தொழாமல் நாம் பேருந்து ஏறியதில்லை.

மாணவர்கள் மாதந்தோறும் தொழுகை நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். கஸ்ரு செய்வதற்குரிய பயணத் தொலைவு அதில் இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

பெற்றோருக்கு ஒரு சொல்

பருவ முடிவில் மற்றப் பாடங்களில் தேறினோம். ஆங்கிலத்தில் தவறி 'அரியர்' விழுந்தது. மூன்று வாரம் அத்தாவிடம் மறைத்தோம். ஒருநாள் இரவு சொல்லிவிட்டோம். அத்தா திட்டவில்லை. "மதரஸாவுல சேர்த்த முதல் மாசம் அழுதுட்டு ஓடி வந்தியே, அப்புறம் ஓதி முடிக்கலியா? மறுக்கா எழுது" என்றார்கள். மறுபருவத்தில் எழுதித் தேறினோம்.

சகோதரர்களே! அன்று அத்தா சீறியிருந்தால், அடுத்த தோல்வியையும் மறைக்கவே கற்றிருப்போம். பிள்ளை உண்மையைச் சொல்லத் துணியும் வீடாக நமது வீட்டை வைத்திருப்பது, கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதைவிடப் பெரிய கடமை. மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "அஸர் எங்கே தொழுதாய்? யாரோடு படிக்கிறாய்?" என்று அன்போடு கேளுங்கள்.

பயனுள்ள கல்வியையும், அதைச் சுமக்கும் பணிவையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.