சூடு தெரிந்தவருக்கே அடுத்த வேலை

கிண்ணியாவில் மிதவைப் பாதையேறிக் கரை மாறிய காலத்தில், தோப்பூரிலிருந்து திருகோணமலைக்குப் போய் வரவே ஒரு நாள் போய்விடும். 2009இல் 396 மீட்டர் பாலம் திறந்தது. பிறகு ஏ15 வீதியின் மற்றப் பாலங்களும் வந்தன. இன்று காலையில் பைக்கை எடுத்தால் நிலாவெளி ஹோட்டலில் குழாய் வேலை முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். ஆனால் உங்களோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேரும் அதே வேலைக்கு அதே பாலத்தில் வருகிறார்கள்.

பிவிசி குழாய்க்குப் பசை தடவ எல்லோருக்கும் தெரியும். ஹோட்டலின் ஹொட் வோட்டர் லைனில், செப்புக் குழாயை ஃபிட்டிங் கருகாமல் சோல்டர் பண்ணத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. செம்பு உருகுவது 1085 பாகை செல்சியஸில். காரீயம் கலக்காத சோல்டர் 230 பாகையை அண்டியே உருகத் தொடங்கிவிடும். நடுவில் இவ்வளவு இடமிருக்கிறதே என்று பலர் டோர்ச்சைப் பிடித்தபடியே நிற்கிறார்கள். செம்பு தாங்கும், ஜொயின்ட்டில் பூசிய ஃபிளக்ஸ் தாங்காது. அது கருகிவிட்டால் சோல்டர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழும். மேலும் சூடு காட்டிப் பிரயோசனமில்லை. கழற்றி, துலக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2. குழாய் முனையையும் ஃபிட்டிங்கின் உள்வாயையும் எமரி துணியால் மினுங்கும்வரை துலக்குங்கள். துலக்கிய இடத்தில் விரல் படக்கூடாது. ஃபிளக்ஸ் மெல்லிய பூச்சாகப் போதும். லைனுக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் வடித்துவிடுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் நின்றாலும் ஆவி சூட்டைத் தின்னும். நீங்கள் நெருப்பைக் கூட்டுவீர்கள், ஃபிட்டிங் கருகும்.

3. இனி நெருப்பு. நீல நிற உள்சுடரின் நுனியை ஃபிட்டிங்கின் உடம்பில் காட்டுங்கள், ஜொயின்ட்டின் வாயில் அல்ல. ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஃபிளக்ஸ் கொதித்துத் தெளிந்து மினுங்கும் நேரத்தில், நெருப்புக்கு எதிர்ப்பக்கம் சோல்டர் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். உருகினால் டோர்ச்சை உடனே விலக்குங்கள். குழாயின் சூட்டில்தான் கம்பி உருக வேண்டும். சுடரில் உருக்கினால் வெளியே பூசிய மாதிரி நிற்கும், உள்ளே இறங்காது. 15 மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய அதே நீளக் கம்பி போதும். சுற்றிவர வெள்ளி வளையம் தெரிந்தால் கையை எடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

நகை செய்யும் பத்தர் வெங்காரம் வைத்து, பற்றாசு ஓடும் கணத்துக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் கண் நகையிலேயே இருக்கும். அந்தக் கண்தான் உங்களுக்கும் வேண்டும்.

4. வால்வு இருந்தால் இரட்டைக் கவனம். என் முதல் வருடத்தில் ஒரு ஹோட்டல் பாத்ரூமில் போல் வால்வுக்கு நேராகச் சுடரைப் பிடித்தேன். ஜொயின்ட் அழகாக வந்தது. மறுநாள் வால்வு ஒழுகியது. உள்ளே டெஃப்ளோன் சீல் கெட்டிருந்தது. வால்வின் விலை என் கூலியில் போனது. கழற்ற முடிந்த உள்பாகங்களைக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் வால்வின் உடம்பில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சூடு காட்டுங்கள்.

5. ஏசி லைன் வேறு உலகம். அங்கே சோல்டர் நிற்காது. 450 பாகைக்கு மேலே பிரேசிங் செய்ய வேண்டும். செம்போடு செம்பென்றால் பொஸ்பரஸ் கலந்த செப்புக் கம்பிக்கு ஃபிளக்ஸ் வேண்டாம். பித்தளை வந்தால் கட்டாயம் வேண்டும். குழாய்க்குள் மெல்ல நைட்ரஜன் ஓடட்டும். இல்லாவிட்டால் உள்ளே கருஞ்செதில் படிந்து, பிறகு கேஸோடு போய் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். நைட்ரஜன் இல்லாமல் செய்பவர் மலிவாகத்தான் கேட்பார். விலையில் அவரோடு மோதாதீர்கள். உங்கள் கொட்டேஷனில் நைட்ரஜனைத் தனி வரியாக எழுதுங்கள். விவரம் தெரிந்த மெனேஜர் அந்த வரியைத்தான் தேடுவார்.

6. கோர்ஸ் படிக்காமல் பாஸுடன் நின்று பழகியவரா? அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. கட்டார், துபாய் பக்கம் நினைப்பிருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் செய்த ஜொயின்ட் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பையில் வைத்திருங்கள். உள்ளே கடைசிவரை இடைவெளியில்லாமல் சோல்டர் ஓடியிருப்பது தெரிய வேண்டும். இன்டர்வியூவில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டதும், பதிலைச் சொல்லிக்கொண்டே அதை மேசையில் வையுங்கள்.