பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

கோலா கெத்தில் மக்கள் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரே நாளில் சென்று வரக்கூடிய வரலாற்றுத் தலம் பூஜாங் பள்ளத்தாக்கு. பழந்தமிழர் இப்பகுதியைக் கடாரம் என்று அழைத்தனர். இங்குள்ள பழங்கோயில்களை மலாய் மொழியில் ‘சண்டி’ என்பர்.

மெர்போக் அருங்காட்சியகத்தின் அருகே புக்கிட் பத்து பாஹாட் சண்டி உள்ளது. 1936-37இல் அகழாய்வு செய்யப்பட்ட இக்கோயில், 1960இல் மீட்டமைக்கப்பட்டது. மண்டபத்தின் மரத்தூண்கள் மக்கிப்போயின. அவற்றைத் தாங்கிய கற்களே எஞ்சியுள்ளன. அக்கற்களின் வரிசையைக் கொண்டு மண்டபத்தின் நீள அகலத்தைப் பிள்ளைகள் தாங்களே கணிக்கலாம்.

2013இல் இப்பள்ளத்தாக்கின் மற்றொரு சண்டி, தனியார் நில மேம்பாட்டின்போது இடிக்கப்பட்டது. மதிப்பை அறியாதவருக்கு அது வெறும் கற்குவியல். ஆகவே, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதும் வரலாற்றைக் காக்கும் பணியே.