வெண்டையில் மஞ்சள் நரம்பு: எதிர்த்த செடியா, தப்பித்த செடியா?

விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 'மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கி வளரும்' என்று போட்டிருக்கும். எவ்வளவு தாங்கும், எத்தனை வருஷம் தாங்கும், அந்தத் திறன் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. வெண்டை போடுகிற இயற்கை விவசாயிக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்கணும். ஏன்னா இது வைரஸ் நோய். வந்துவிட்ட செடியைக் குணமாக்க நம்மிடமும் மருந்து இல்லை, ரசாயனக் கடையிலும் இல்லை. அங்கே விற்பதெல்லாம் வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈக்குத்தான்.

ஒரு கணக்கை மனசில் வெச்சுக்குங்க. முளைத்து 35 நாளுக்குள் நோய் ஏறிய செடியில் விளைச்சல் இழப்பு 94 சதவீதம் வரை போகிறது. 50 நாளில் ஏறினால் 84 சதவீதம். 65 நாளில் ஏறினால் 49 சதவீதம். ஆக, நோய் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனாவது நாளில் வந்தது என்பதில்தான் நம் காசு இருக்கிறது.

இந்த நோய் 1924இல் அன்றைய பம்பாய் மாகாணத்தில் முதலில் பதிவானது. 1950களில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹர்பஜன் சிங்கும் அவருடன் இருந்தவர்களும், வங்காளத்திலிருந்து வந்த, வயலில் நோய் காட்டாத ஒரு வெண்டையை பூசா மக்மலி ரகத்தோடு சேர்த்து பூசா சவானியை உருவாக்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. வயசான வெண்டை விவசாயிகளைக் கேட்டால் அந்தப் பேரைச் சொல்வார்கள். நாளாக ஆக அதன் தாங்கும் திறன் போய்விட்டது. இன்னைக்கு ஆராய்ச்சிப் பண்ணைகளில் பூசா சவானிக்கு வேற வேலை. புது ரகங்களைச் சோதிக்கும்போது, நோயை வயலுக்குள் வரவழைக்கவே அதைச் சில வரிசைக்கு ஒரு வரிசையாக நடுகிறார்கள். நோய் தாங்கும் என்று வெளியிட்ட ரகமே நோய் பரப்பும் வரிசை ஆகிவிட்டது!

அடுத்து விஞ்ஞானிகள் காட்டு உறவுகளைத் தேடிப் போனார்கள். மகாராஷ்டிராவில் பர்பனி வேளாண் பல்கலைக்கழகம், பூசா சவானியை வெண்டையின் காட்டு இனம் ஒன்றோடு சேர்த்து 1980களில் பர்பனி கிராந்தி ரகத்தைக் கொண்டுவந்தது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா, அர்கா அபய் ரகங்களும் இதே வழியில் வந்தவைதான். இது லேசுப்பட்ட வேலை இல்லை. இனம் விட்டு இனம் சேர்த்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகப் போகும். அதை மறுபடி மறுபடி வெண்டையோடு சேர்த்து, காய் நம்ம வெண்டைக்காயாகவும் திறன் காட்டுச் செடியுடையதாகவும் இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்க வேண்டும். அப்படி வந்த ரகங்களும் பல இடங்களில் இப்போது நோய்க்கு ஆளாகின்றன.

ஏன் இப்படி? வைரஸும் சும்மா இருப்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. வைரஸ் தனியாக இந்த நோயை முழுசாக உண்டாக்கவில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக்கோள் டி.என்.ஏ. ஒன்றும் சேர்ந்தால்தான் அந்த மஞ்சள் வலை இலையில் விழுகிறது என்று அதில் காட்டினார்கள். எதிரி ஆள் மாற்றி ஆள் சேர்த்து வருகிறான். நாமோ ஒரே பூட்டை நம்பிக் கதவைச் சாத்துகிறோம். செடியின் பக்கமும் விஷயம் நேராக இல்லை. காட்டு இனக் கலப்பில் ஒரே ஓங்கு மரபணு என்றார்கள். பழைய ஆய்வில் இரண்டு ஒடுங்கு மரபணு என்றார்கள். பல மரபணு சேர்ந்த வேலை என்று சொன்னவர்களும் உண்டு. ஒற்றை மரபணுத் திறன் பளிச்சென்று தெரியும். ஆனால் வைரஸ் அதைத் தாண்டிவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது. பல மரபணுத் திறன் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஆனால் ஒரேயடியாகச் சாயாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளருக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம். அதற்குள் ஒற்றை மரபணுவைத் தேடிப் பிடித்து எழுதிவிடலாம். மெதுவாகத் தாங்கும் செடியைப் பத்துத் தலைமுறை பொறுக்க முடியாது. அந்த வேலைக்கு ஒரே நிலத்தில் வருஷக்கணக்காக இருக்கும் ஆள் வேணும். அது நாம்தான்.

நம்மாளுங்க வழக்கமாகச் செய்வது என்ன? வயல் மஞ்சளாகக் கிடக்கும்போது பச்சையாக நிற்கும் ஒரு செடியில் விதை எடுப்பது. அந்தச் செடி நோயை எதிர்த்து நின்றிருக்கலாம். ஈ அந்தப் பக்கம் வராமல் தப்பித்தும் இருக்கலாம். பேங்கில் இருந்தபோது நாங்கள் சொல்வதுண்டு: நல்ல மழை வருஷத்தில் தவணை கட்டியவரை வைத்து எதுவும் முடிவு பண்ணாதே, வறட்சி வருஷத்தில் பார். வெண்டைக்கு வறட்சி வருஷம் என்பது சித்திரை வெயில். வெள்ளை ஈ பெருகும் காலம். மாசியில் விதைத்துச் சித்திரையில் பச்சையாக நிற்கிற செடிதான் கணக்கு. மழைக்காலத்தில் பச்சையாக நிற்பதில் பெரிய செய்தி இல்லை.

எதில் பொறுக்குவது என்பதும் முக்கியம். சுத்தமான ஒரே ரகத்துக்குள் செடிக்குச் செடி வித்தியாசம் இருக்காது. அங்கே பச்சைச் செடி என்றால் அநேகமாக அதிர்ஷ்டம்தான். பல ஊர் நாட்டு வெண்டைகளைக் கலந்து போட்ட வயலில்தான் பொறுக்குவதற்குச் சரக்கு இருக்கும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையைச் சேமித்தால், ஒரு பெற்றோரிடம் மட்டும் அந்த ஒற்றை ஓங்கு மரபணு இருந்திருந்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு அந்தத் திறன் இருக்காது. காயும் கண்டபடி மாறும்.

விதைத்து 25ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை நடந்து பாருங்க. முதலில் இலையின் சிறு நரம்புகள் வெளுக்கும். பிறகு மஞ்சளாகி வலை போலத் தெரியும். 35 நாளுக்குள் காட்டிய செடியைப் பிடுங்கி எரித்துவிடலாம். 65 நாளைத் தாண்டி லேசாகக் காட்டி, காயும் குறையாமல் கொடுக்கிற செடியைப் பிடுங்க வேண்டாம். முழுப் பச்சையாக நிற்கிற செடியோடு அதையும் விதைக்கு விடுங்க. மெதுவாகத் தாங்கும் திறன் அங்கேதான் இருக்கும். ஆராய்ச்சிப் பண்ணையைப் பார்த்து நோய் வரிசை நடும் ஆசை வந்தால், பக்கத்துத் தோட்டத்தில் வெண்டை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்குங்க.

வெண்டை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் தேனீ கலந்துவிடும். சான்று விதைக்கே 200 மீட்டர் தள்ளி இருக்கணும் என்று விதி. அந்த வசதி நம்மில் பலருக்கு இல்லை. மறுநாள் பூக்கப் போகும் மொட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே காகிதக் கவர் மாட்டி, பூ வாடினதும் எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டுங்க. செடிக்கு நாலைந்து காய் போதும். ஆனால் பத்துச் செடிக்குக் குறையாமல் விதை எடுக்கணும். நெற்று காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, செடிக்கு ஒரு கவர் என்று போட்டு, எத்தனாவது நாளில் நோய் தெரிந்தது என்பதை மேலே எழுதி வையுங்க. அடுத்த மாசியில் ஒவ்வொரு கவரையும் தனித்தனி வரிசையாக விதைத்தால், எது எதிர்த்த செடி, எது தப்பித்த செடி என்று அந்த வரிசையே சொல்லிவிடும்.